புது ஆல்பம் வந்தால் விமர்சகர் சொல்வதை எவ்வளவு நம்பலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ராக், ஃபோக் (நாட்டுப்புற வழி இசை), கன்ட்ரி (அமெரிக்கக் கிராமப்புற வழி இசை) கேட்கும் நண்பர்களோடு பல வருஷமாகப் பேசிவருகிறேன். பெரிய ஆல்பம் ஒன்று வெளியாகும் வாரமெல்லாம் அதே சந்தேகங்கள் திரும்ப வருகின்றன. தனித்தனியாகப் பதில் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே விட்டுவிட்டேன்.

நானே கேட்டுக்கலாமே, இன்னொருத்தர் எழுதினதை எதுக்குப் படிக்கணும்?

நீங்களே கேட்கத்தான் வேண்டும். ஆரம்பத்தில் விமர்சனத்துக்கு இருந்த வேலை வேறு. இசைத்தட்டைக் காசு கொடுத்து வாங்கிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியும். வாங்கலாமா வேண்டாமா என்று சொல்ல ஒருவர் தேவைப்பட்டார். அமெரிக்க விமர்சகர் ராபர்ட் கிறிஸ்ட்காவ் 1969-ல் தொடங்கிய பத்திக்கு 'நுகர்வோர் வழிகாட்டி' என்றுதான் பெயர். இப்போது எல்லாப் பாட்டும் கைபேசியில் இருப்பதால் அந்த வேலை போய்விட்டது.

மிஞ்சியிருப்பதுதான் எனக்கு முக்கியம். நம் காதில் விழுந்தும் பிடிபடாத ஒன்றை நல்ல விமர்சகர் பிடித்துக் காட்டுவார். 'டிரம்ஸ் நிற்கும் அந்த இடத்தில்தான் பாட்டில் வரும் பெண் பொய் சொல்லத் தொடங்குகிறாள்' என்று ஒருவர் எழுதிவிட்டால், அடுத்த முறை அந்த இடம் வரும்போது நம்மை அறியாமல் காதைத் தீட்டிக்கொள்கிறோம். விமர்சனம் படிப்பதில் எனக்குக் கிடைக்கும் லாபம் அதுதான்.

ராக், ஃபோக், கன்ட்ரி மூணும் வேற வேற இல்லையா? ஏன் ஒண்ணா சேர்த்துப் பேசுறீங்க?

கடைப் பலகையில் வேறு, வேரில் நெருங்கிய சொந்தம். எல்விஸ் பிரெஸ்லியின் முதல் தட்டு 1954-ல் மெம்பிஸ் நகரத்து சன் நிறுவனத்தில் இருந்து வந்தது. ஒரு பக்கம் கறுப்பின ப்ளூஸ் கலைஞர் ஆர்தர் குருடப்பின் பாட்டு, மறுபக்கம் கன்ட்ரியின் கிளையான புளூகிராஸ் இசையின் முன்னோடி பில் மன்றோவின் பாட்டு. பாப் டிலன் ஃபோக் பாடகராக வந்து, ராக்குக்குப் போய், கன்ட்ரியின் தலைநகரான நாஷ்வில்லில் ஒலிப்பதிவு செய்தார். எழுதுபவர்களும் அதனால்தான் மூன்றிலும் கால் வைத்திருக்கிறார்கள்.

ஆனால் அளவுகோல் மாறும். ராக் ஆல்பத்தில் முதலில் ஒலியைப் பார்ப்பார்கள், முன்பு கேட்காத ஏதாவது இருக்கிறதா என்று தேடுவார்கள். ஃபோக்கில் குரலும், பாட்டு எந்த மரபிலிருந்து வருகிறது என்பதும் பேசப்படும். கன்ட்ரியில் கதை, அதிலும் வரி. ஒரே வரியில் ஒரு குடும்பத்தின் நிலைமையைச் சொல்லிவிட முடிகிறதா என்று பார்ப்பார்கள். ஒன்றின் அளவுகோலால் இன்னொன்றை அளந்த விமர்சனத்தைப் படித்தால் உடனே தெரிந்துவிடும்: 'புதுமை இல்லை' என்று ஒரு கன்ட்ரி ஆல்பத்தைக் குறை சொல்லியிருப்பார்கள்.

இந்த விமர்சகர்கள் எல்லாம் யாரு? எப்போ ஆரம்பிச்சது இது?

ராக்கைப் பொருட்படுத்தி எழுதும் பழக்கம் 1960-களின் நடுவில் அமெரிக்காவில் பிடித்துக்கொண்டது. 1966-ல் பால் வில்லியம்ஸ் என்ற கல்லூரி மாணவர் 'கிராடாடி' பத்திரிகையைத் தொடங்கினார். 1967-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் 'ரோலிங் ஸ்டோன்' வந்தது. 1968-ல் 'நியூ யார்க்கர்' தன் முதல் பாப் இசை விமர்சகராக எலன் வில்லிஸை எடுத்துக்கொண்டது. டெட்ராய்ட் பக்கம் 'கிரீம்', அதில் லெஸ்டர் பேங்ஸ் என்ற காட்டாறு. பிரிட்டனில் அதற்கு முன்பே இசை வார இதழ்கள் இருந்தன.

அப்புறம் 1990-களில் இரண்டு முக்கியமான வரவுகள். 1995-ல் சியாட்டிலில் 'நோ டிப்ரெஷன்' தொடங்கியது; ராக்குக்கும் கன்ட்ரிக்கும் நடுவில் நிற்கும் கலைஞர்களுக்கு அதுதான் வீடு. ஏறக்குறைய அதே நேரம் ரயன் ஷ்ரைபர் என்ற இளைஞர் 'பிட்ச்ஃபோர்க்' தளத்தை ஆரம்பித்தார். 2015-ல் கான்டே நாஸ்ட் நிறுவனம் அதை வாங்கியது, 2024-ல் தன் ஆண்கள் இதழான 'ஜிக்யூ'வின் கீழே கொண்டுபோனது. பலர் வேலை இழந்தார்கள். எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் அது.

அஞ்சு நட்சத்திரம், 7.8, பி பிளஸ்... எது எதுக்குச் சமம்?

எதற்கும் எதுவும் சமமில்லை. நட்சத்திரம் போடும் பத்திரிகையில் மூன்று என்றால் 'நல்ல ஆல்பம், ரசிகர்களுக்குப் பிடிக்கும்' என்று அர்த்தம். பிட்ச்ஃபோர்க் பூஜ்யத்திலிருந்து பத்து வரை, புள்ளிக்கு அப்புறமும் ஓர் இலக்கத்தோடு போடும். அங்கே 6.0 வாங்கிய ஆல்பத்தை எழுதியவர் பெரிதாக ரசிக்கவில்லை என்றே எடுத்துக்கொள்ளலாம். கிறிஸ்ட்காவ் பள்ளிக்கூடம் மாதிரி ஏ பிளஸில் தொடங்கி ஈ மைனஸ் வரை எழுத்தில் போடுவார். அவருடைய பி பிளஸ் மரியாதையான மதிப்பெண்.

ஒரே பத்திரிகைக்குள் ஒப்பிடலாம். வேறு வேறு பத்திரிகைகளின் எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்காதீர்கள்.

மெட்டாக்ரிட்டிக்கில் 85னு இருக்கு. அப்போ நல்ல ஆல்பம்தானே?

மெட்டாக்ரிட்டிக் 2001 முதல் பல விமர்சனங்களை நூற்றுக்கு இத்தனை என்று மாற்றிச் சராசரி எடுத்துத் தருகிறது. 81-ஐத் தொட்டால் 'எல்லோரும் பாராட்டியது' என்ற பட்டம். இதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. நான்கு விமர்சனம் சேர்ந்தாலே சராசரி போட்டுவிடுவார்கள். எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை வெளியே சொல்வதில்லை. மதிப்பெண்ணே போடாத விமர்சனத்துக்கு அவர்களே படித்துப் பார்த்து ஓர் எண் கொடுப்பார்கள். பி பிளஸ் அங்கே 83 ஆகிறது, மூன்றரை நட்சத்திரம் 70 ஆகிறது. முந்தைய பதிலில் சொன்ன சிக்கல் இப்படித்தான் ஒரு பெரிய எண்ணுக்குள் ஒளிந்துகொள்கிறது.

இதைவிட முக்கியமான ஒன்று: எல்லோரும் 'பரவாயில்லை, நல்லா இருக்கு' என்று சொன்ன ஆல்பத்துக்கும் 80 வரலாம், பாதிப்பேர் உயிரை விட்டுக் கொண்டாடி மீதிப்பேர் முகம் சுளித்த ஆல்பத்துக்கும் 70 வரலாம். நான் முதலில் கேட்பது இரண்டாவதைத்தான்.

ரிலீஸ் ஆன அன்னைக்கே விமர்சனம் வந்துடுது. எப்போ கேட்டாங்க, எப்போ எழுதினாங்க?

வழக்கமாக வெளியீட்டுக்குச் சில வாரம் முன்பே ஆல்பத்தை விமர்சகர்களுக்கு அனுப்பிவிடுவார்கள். இன்ன தேதிக்கு முன்னால் வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். யார் பிரதி வெளியே கசிந்தது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றிலும் மறைமுகக் குறி வைத்திருப்பார்கள். 2015 ஜூலையிலிருந்து உலகம் முழுக்க வெள்ளிக்கிழமைதான் வெளியீட்டு நாள், அதனால் விமர்சனங்களும் அந்த நாளை ஒட்டியே குவியும்.

சிக்கல் எங்கே என்றால், சொல்லாமல் கொள்ளாமல் வரும் ஆல்பங்களில். ரேடியோஹெட் குழு 2007-ல் 'இன் ரெயின்போஸ்' ஆல்பத்தைப் பத்து நாள் முன்புதான் அறிவித்தது. ரசிகர்களுக்குக் கிடைத்த அதே நாளில்தான் விமர்சகர்களுக்கும் கிடைத்தது. யூ2 குழு 2014 செப்டம்பரில் 'சாங்ஸ் ஆஃப் இன்னொசன்ஸ்' ஆல்பத்தை ஐட்யூன்ஸ் வைத்திருந்தவர்கள் கணக்கில் எல்லாம் இலவசமாகப் போட்டது. ரோலிங் ஸ்டோன் சில நாட்களிலேயே ஐந்து நட்சத்திரம் கொடுத்து, ஆண்டுக் கடைசியில் அந்த வருஷத்தின் சிறந்த ஆல்பம் என்றும் சொன்னது. அந்தப் பாராட்டுக்குப் பக்கத்தில் நின்றவர்கள் குறைவு. இரண்டு நாளில் ஓர் ஆல்பத்தைப் பிடித்துவிடலாம் என்று நான் நம்பவில்லை, எழுதுபவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் சரி.

பெரிய விமர்சகர்கள் மொத்தமா தப்பு பண்ணினது உண்டா?

நிறைய உண்டு. ரோலிங் ஸ்டோன் 1969-ல் லெட் ஸெப்பெலினின் முதல் ஆல்பத்தை மட்டம் தட்டியது. அதே பத்திரிகை 2003-ல் தயாரித்த எக்காலத்துக்குமான 500 ஆல்பங்கள் பட்டியலில் அதற்கு 29-ஆம் இடம். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் 'எக்ஸைல் ஆன் மெயின் ஸ்ட்ரீட்' 1972-ல் வந்தபோது அரைமனதான விமர்சனம்; அதே பட்டியலில் 7-ஆம் இடம். வீசர் குழுவின் 'பிங்கர்டன்' 1996-ல் கேலிக்கு ஆளானது. பின்னால் வந்த தலைமுறைக்கு அது கிட்டத்தட்ட வேதம். 2010-ல் மறுபதிப்பு வந்தபோது பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது.

எனக்கு மிகவும் பிடித்த கதை டிலனுடையது. 1970-ல் அவருடைய 'செல்ஃப் போர்ட்ரெய்ட்' வந்ததும் விமர்சகர் கிரெய்ல் மார்கஸ் ரோலிங் ஸ்டோனில் ஒரு கெட்ட வார்த்தையோடு, 'இது என்ன கண்றாவி' என்ற தொனியில் கட்டுரையைத் தொடங்கினார். ராக் விமர்சனத்தின் மிகப் புகழ்பெற்ற முதல் வரி அதுதான். 2013-ல் அந்தக் காலத்து வெளிவராத ஒலிப்பதிவுகளைத் தொகுப்பாக வெளியிட்டபோது, உள்ளே இருந்த கட்டுரையை எழுதியவர் அதே மார்கஸ். லெஸ்டர் பேங்ஸும் எம்சி5 குழுவின் முதல் ஆல்பத்தைத் திட்டித்தான் 1969-ல் அறிமுகமானார், பிறகு அந்தக் குழுவுக்கே ரசிகரானார்.

திருத்திக்கொள்வதை வெளிப்படையாகச் செய்தவர்களும் உண்டு. பாடகி லிஸ் ஃபேர் 2003-ல் வெளியிட்ட ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 0.0 போட்டது. எழுதியவர் பின்னாளில் மன்னிப்புக் கேட்டார். 2021-ல் தளமே பழைய மதிப்பெண்கள் சிலவற்றை மாற்றியபோது அது 6.0 ஆனது.

இவ்வளவு தப்பு பண்ணுறவங்க பேச்சை அப்புறம் ஏன் கேட்கணும்?

மார்கஸின் கட்டுரையை இன்றும் படிக்கிறோமே, அதனால்தான். தீர்ப்பு பிசகினாலும் கேட்டது பிசகவில்லை. அந்த ஆல்பத்தில் ஒவ்வொரு பாட்டிலும் என்ன நடக்கிறது, அன்று ஒரு டிலன் ரசிகருக்கு அது ஏன் துரோகமாகப் பட்டது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. வெறும் மதிப்பெண்ணை மட்டும் போட்டுவிட்டுப் போனவர்களின் பிழையால் யாருக்கும் பயனில்லை.

ஆகவே ஒரு பத்திரிகையைப் பின்தொடர்வதைவிட ஓர் ஆளைப் பின்தொடருங்கள். அவர் ரசனை உங்களுக்கு நேர் எதிராக இருந்தாலும் பரவாயில்லை. வயலின் மழையில் நனைந்த ஆல்பம் எதையும் தாங்க மாட்டாத ஒரு விமர்சகரை நான் வருஷக்கணக்காகப் படிக்கிறேன். அவர் 'சர்க்கரை அதிகம்' என்று எழுதினால் எனக்குப் பிடிக்கும் என்று கிட்டத்தட்ட உறுதியாகச் சொல்லிவிடுவேன்.

எனக்கு உயிரான ஆல்பத்தைத் திட்டியிருக்காங்க. எனக்குத்தான் ரசனை இல்லையா?

இல்லவே இல்லை. திட்டியதற்குக் காரணம் சொல்லியிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். சொல்லியிருந்தால் அந்தக் காரணத்தோடு ஒரு தடவை கேளுங்கள். அப்போதும் பிடித்திருந்தால் முன்பைவிடக் கெட்டியாகப் பிடித்திருக்கும்.

கன்ட்ரியில் ரேடியோவில் ஓடுறது ஒண்ணு, விமர்சகர்கள் கொண்டாடுறது ஒண்ணா இருக்கே?

பெரும்பாலும் அப்படித்தான். அமெரிக்காவில் கன்ட்ரி வானொலிக்கு இருக்கும் பலம் ராக்கிலோ ஃபோக்கிலோ இல்லை. நிலையங்கள் மனசு வைத்தால் ஏற்றிவிடும், முகம் திருப்பினால் ஆளே காணாமல் போகலாம். 2003-ல் டிக்ஸி சிக்ஸ் குழுவின் பாடகி லண்டன் மேடையில் இராக் போருக்கு எதிராகவும் அதிபர் புஷ்ஷைக் குறைகூறியும் பேசினார். பல நிலையங்கள் அவர்கள் பாட்டையே நிறுத்தின. 2006-ல் அவர்கள் கொண்டுவந்த 'டேக்கிங் த லாங் வே' வானொலியில் பெரிதாக ஒலிக்காமலே, அடுத்த ஆண்டு ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி விருதை வென்றது.

கன்ட்ரி பாடகர் ஸ்டர்கில் சிம்ப்சன் 2017-ல் சிறந்த கன்ட்ரி ஆல்பத்துக்கு கிராமி வாங்கினார். அதே ஆண்டு நவம்பரில் நாஷ்வில் அரங்கத்துக்குள் கன்ட்ரி இசைச் சங்கத்தின் விருது விழா நடக்க, வெளியே தெருவில் கிட்டார் பெட்டியைத் திறந்துவைத்துப் பாடிக்கொண்டிருந்தார். கிராமியை வாக்களித்துத் தேர்ந்தெடுப்பது இசைத்துறையினர், விமர்சகர்கள் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பலர் குழப்பிக்கொள்கிறார்கள். எல்லாத் தரப்பும் ஒத்துப்போவதும் நடக்கும். கேசி மஸ்கிரேவ்ஸின் 'கோல்டன் அவர்' 2018-ல் கன்ட்ரி சங்கத்தின் விருதையும் வாங்கியது, விமர்சகர்களின் அன்பையும் வாங்கியது, 2019-ல் ஆண்டின் சிறந்த ஆல்பமாக கிராமியும் வாங்கியது.

ஃபோக் விமர்சனத்தில் 'நிஜம்', 'போலி'ன்னு அடிக்கடி வருதே, பாட்டில் என்ன நிஜம் போலி?

இந்தக் கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன், ஏனென்றால் விமர்சகர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. 1965 ஜூலை 25 அன்று நியூபோர்ட் ஃபோக் விழாவில் டிலன் வழக்கமான கிட்டாரை விட்டு மின்கிட்டாரோடு ஏறியபோது கூட்டத்தில் ஒரு பகுதி கூச்சலிட்டதும் இந்த 'நிஜம்' பற்றிய சண்டைதான்.

பாடகி கில்லியன் வெல்ச் 1996-ல் தன் முதல் ஆல்பத்தைக் கொண்டுவந்தார். அமெரிக்க மலைநாட்டு ஏழைகளின் பழம்பாட்டு மாதிரியே ஒலித்தது. ஆனால் அவர் லாஸ் ஏஞ்சலஸில் வளர்ந்தவர், பெற்றோர் தொலைக்காட்சிக்கு இசையமைத்தவர்கள், பாஸ்டனில் இசைக் கல்லூரியில் படித்தவர். இந்தப் பாட்டைப் பாட இவருக்கு என்ன உரிமை என்று சிலர் எழுதினார்கள். பாட்டு சுருதி சேர்ந்ததா, கதை நெஞ்சில் தங்கியதா என்று கேட்பதை விட்டுவிட்டு ஊரை விசாரித்தார்கள். அவரும் டேவிட் ராலிங்ஸும் சேர்ந்து செய்த 'வுட்லண்ட்' 2025-ல் சிறந்த ஃபோக் ஆல்பத்துக்கான கிராமியை வென்றது. அந்த உரிமைக் கேள்வியை இப்போது யாரும் எழுப்புவதில்லை.

எதிர்த்திசையிலும் இதே தவறு நடக்கும். பான் இவெரின் முதல் ஆல்பம் விஸ்கான்சின் காட்டுக் குடிலில் குளிர்காலத்தில் தனியாக உருவானது. உண்மையான கதைதான். ஆனால் பாதி விமர்சனங்கள் குடிலையே விவரித்துவிட்டு, பல அடுக்காகக் குரலைச் சேர்த்த வேலையை இரண்டு வரியில் முடித்தன.

36 பாட்டு, ரெண்டு மணி நேரம். இதையெல்லாம் எப்படி விமர்சனம் பண்ணுறாங்க?

கன்ட்ரி பாடகர் மார்கன் வாலனின் 2023 ஆல்பத்தைச் சொல்கிறீர்கள். 36 பாட்டு, அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பப் பட்டியலில் 19 வாரம் முதலிடம், விமர்சகர்களிடம் கலவையான வரவேற்பு. நீளத்துக்குப் பின்னால் கணக்கு இருக்கிறது. 2018-ல் பில்போர்டு வகுத்த விதிப்படி, கட்டணச் சந்தாவில் 1250 முறை பாட்டுகள் கேட்கப்பட்டால் ஓர் ஆல்பம் விற்றதற்குச் சமம் என்பது அப்போதைய கணக்கு. பாட்டு கூடக் கூட எண்ணிக்கையும் கூடும்.

விமர்சகர் பழைய வழக்கப்படி ஒரே மூச்சில் கேட்டு 'அலுப்பாக இருக்கிறது' என்று எழுதுகிறார். கேட்பவர்களோ பிடித்த எட்டை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால் விமர்சகர் பக்கம்தான் நியாயம். ஆல்பம் என்று பெயர் வைத்து விற்றால் ஆல்பமாகத்தான் பார்ப்பார்கள்.

'பாட்டு அருமை, புரொடக்‌ஷன் சொதப்பல்'னு எழுதுறாங்க. இது எப்படிப் பிரிச்சுக் கேக்குறது?

பாட்டை யாராவது ஒற்றைக் கிட்டாரோடு பாடினால் என்ன மிஞ்சுமோ அது பாட்டு. மற்றதெல்லாம் தயாரிப்பு: எந்த வாத்தியம் முன்னால் நிற்கிறது, குரல் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது, எவ்வளவு சத்தமாக அழுத்தி முடித்திருக்கிறார்கள். மெட்டாலிக்கா 2008-ல் வெளியிட்ட 'டெத் மாக்னெட்டிக்' இதற்குச் சுலபமான உதாரணம். அளவுக்கு மீறி அழுத்தியதில் ஒலி பிசிறடித்தது. அதே பாட்டுகள் 'கிட்டார் ஹீரோ' வீடியோ விளையாட்டில் தெளிவாகக் கேட்டதை ரசிகர்களே ஒப்பிட்டுக் கண்டுபிடித்தார்கள்.

டிலனின் 'டைம் அவுட் ஆஃப் மைண்ட்' ஆல்பத்தில் தயாரிப்பாளர் டேனியல் லன்வா பூசிய மூட்டமான ஒலியை 1997-ல் பலர் புகழ்ந்தார்கள், டிலனுக்கே அது முழுத் திருப்தி தரவில்லை. 2023-ல் மூட்டத்தை விலக்கிய புதிய கலவை வெளிவந்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள், நீங்கள் கேட்ட பிரிப்பு அரைமணியில் பிடிபடும். ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982-ல் வீட்டில் நான்கு தட கேசட் கருவியில் மாதிரிக்காகப் பதிந்ததையே 'நெப்ராஸ்கா' என்று வெளியிட்டார். அதனால் மலிவான ஒலி என்றாலே சொதப்பல் என்று நினைக்க வேண்டாம்.

விமர்சகரும் பாடகரும் நண்பர்கள்னா எழுதினதை நம்பலாமா?

1974-ல் விமர்சகர் ஜான் லாண்டாவ் பாஸ்டன் வார இதழ் ஒன்றில், ராக் அண்ட் ரோலின் எதிர்காலத்தைப் பார்த்தேன், அதன் பெயர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்று எழுதினார். அடுத்த ஆண்டு அவரே ஸ்பிரிங்ஸ்டீன் ஆல்பத்தின் இணைத் தயாரிப்பாளர், பிறகு மேலாளர். எழுதிய அன்று அவர் விமர்சகராகத்தான் எழுதினார், சொன்னதும் பலித்தது. ஆனால் அந்தப் பக்கம் போன பிறகு அவர் சொல்வது விமர்சனமாகாது. உறவு இருந்தால் அதை முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும், சொன்னவரை நம்புவேன்.

இப்போ வர்ற விமர்சனம் எல்லாமே பாராட்டா இருக்கே, திட்டுறதையே விட்டுட்டாங்களா?

பாதி உண்மை. இடமும் ஆளும் குறைந்துவிட்டதால் பிடித்ததை மட்டுமே எழுத எடுத்துக்கொள்கிறார்கள். அறிமுகமில்லாத ஃபோக் பாடகியின் முதல் ஆல்பத்தைக் குத்திக் கிழிக்க யாருக்கும் மனசும் வராது. மெட்டாக்ரிட்டிக்கில் 80-கள் மலிந்து கிடப்பதற்கு இதுவும் காரணம்.

மீதிப் பாதி பயம். டெய்லர் ஸ்விஃப்ட் 2020-ல் ஃபோக் பக்கம் திரும்பி எடுத்த ஆல்பத்துக்கு பிட்ச்ஃபோர்க் 8.0 கொடுத்தது. நல்ல மதிப்பெண்ணான அதற்கே எழுதியவருக்கு மிரட்டல் வந்தது. 'பேஸ்ட்' இதழ் 2024-ல் ஸ்விஃப்டின் பிந்தைய ஆல்பம் ஒன்றின் விமர்சனத்தை எழுதியவர் பெயர் இல்லாமல் வெளியிட்டது, முன்பு ஒருவருக்கு வந்த மிரட்டல்களைக் காரணம் சொல்லி. ஆளைப் பின்தொடருங்கள் என்று மேலே சொன்னேன். ஆள் பெயரே போட முடியாத நிலை வருவது கேட்பவர்களான நமக்குத்தான் நஷ்டம்.

யாருமே விமர்சனம் எழுதாத ஆல்பம் நல்லதா இருக்க வாய்ப்பு உண்டா?

உண்டு. பிரிட்டிஷ் பாடகர் நிக் டிரேக் 1969-க்கும் 1972-க்கும் இடையில் மூன்று ஆல்பம் செய்தார், எதுவும் விற்கவில்லை, 1974-ல் 26 வயதில் இறந்துபோனார். அந்த மூன்றும் இல்லாமல் இன்று பிரிட்டிஷ் ஃபோக் பற்றிப் பேச முடியாது.

பாடகி வாஷ்டி பன்யனின் கதை கொஞ்சம் ஆறுதலானது. குதிரை வண்டியில் ஸ்காட்லாந்துத் தீவுகளை நோக்கிப் போன பயணத்தில் எழுதிய பாட்டுகளை 1970-ல் ஆல்பமாகக் கொண்டுவந்தார். கண்டுகொள்வார் இல்லை. இசையையே விட்டுவிட்டுக் குழந்தைகளை வளர்த்தார். 2000-ல் மறுபதிப்பு வந்தது. இளைய ஃபோக் கலைஞர்கள் தேடிப்பிடித்துக் கேட்டார்கள், விமர்சகர்கள் முப்பது வருஷம் தாமதமாக எழுதினார்கள். 2005-ல் அவருடைய இரண்டாவது ஆல்பம் வெளிவந்தது.